குடும்பத்தில் ஒரு நார்மல் ஆள்

நவம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர. அங்கே உன் முழங்கால் எப்படி? குளிர் வந்ததும் பழைய கதவு மாதிரி சத்தம் போடுமே, ஆரம்பித்துவிட்டதா?

மானம் போன கதையை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்து நான்கு வருஷமாகக் குப்பை கொட்டுகிற நான், போன மாதம் ஒரு திங்கட்கிழமை, பதினெட்டு மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஊசியைக் கண்டு மயங்கி விழுந்துவிட்டேன். ஊசி குத்தக்கூட இல்லை அக்கா. உறையைத்தான் பிரித்தார்கள். அடுத்தவர் ரத்தத்தை அலமாரி அலமாரியாக அடுக்குகிறவன் நான். சொந்த ரத்தம் வெளியே வரப்போகிறது என்றதும் தரை எழுந்து வந்து முகத்தில் அடித்தது.

கண் விழித்தால், எங்கள் புது டாக்டரம்மா என் இரண்டு காலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இடது சாக்ஸில் ஓட்டை. பெருவிரல் வெளியே வந்து மாணவர்களை வேடிக்கை பார்க்கிறது.

"ஏங்க, நீங்க இங்கதானே வேலை பாக்குறீங்க?" என்றார்.

"இன்னிக்குக் காலைல வரைக்கும் அப்படித்தான் மேடம் நெனச்சிட்டிருந்தேன்."

விஷயம் இதுதான். நோயாளிகளின் சிவப்பணுக்கள் எவ்வளவு மெத்தென்று வளைகின்றன என்று பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். அதற்கு 'நார்மல்' என்று பெயர். இத்தனை நாள் எங்கள் வாட்ச்மேன்தான் நார்மல். அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். என் பக்கத்து மேசைக்காரன், உனக்குத்தான் தெரியுமே, 'ரேடியோ', நிறுத்தவே முடியாதவன், அவன் எழுந்து நின்று, "இவருக்கு ஒரு வியாதியும் கெடையாது மேடம், இவரைப் பாத்தா வியாதியே எதிர்ப் பக்கமா போயிடும்" என்று என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

இப்போது வாரா வாரம் படுத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு ரத்தம் கொடுக்கிறேன். ஆனால் பலன் பார். குழாயில் ஒட்டிய சீட்டில் டாக்டரம்மா கையெழுத்தில் 'நார்மல்' என்று இருக்கிறது. நம் குடும்பத்தில் ஒருவன் நார்மல் என்பதற்கு எழுத்து மூலமான ஆதாரம் இதுதான் முதல் தடவை. நகல் எடுத்துப் பெரியத்தைக்கு அனுப்பலாமா?

சோதனையும் வேடிக்கைதான். தலைமுடியின் குறுக்கே எட்டு ஒன்பது சிவப்பணுக்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. ரத்தத்தை நாங்கள் விடுகிற சல்லடையின் ஓட்டை அதைவிடச் சின்னது. ஆனாலும் அணு நெளிந்து, மடிந்து, பீரோவுக்கு அடியில் புகுகிற பூனை மாதிரி அந்தப் பக்கம் போய்ப் பழையபடி வட்டமாகிவிடுகிறது. என் அணுக்கள் எடுத்துக்கொண்ட நேரம் இருபது விநாடி. டாக்டரம்மா "பரவாயில்லையே" என்றார்.

மயங்கிய கதையைக் கேட்டு என் வீட்டுக்காரி தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "இத்தனை வருஷமா வீடு பூரா ஊசி. அப்பல்லாம் மயங்காம இப்ப எதுக்கு?" என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்குக் கம்பளி சுற்று.

உன் நார்மல் தம்பி

---

நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். முழங்கால் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. நீயும் தம்பி பெண்டாட்டியும் சுகந்தானே?

'மயங்கி விழுந்தேன்' என்ற இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். சாக்ஸ் வரைக்கும் வந்த பிறகுதான் மூச்சு விட்டேன். இனிமேல் சாக்ஸை முதலில் எழுது, மயக்கத்தைப் பிறகு எழுது.

இங்கே சோப்புத் தொழிற்சாலையில் குளிர் வந்தால் எங்களுக்கும் உன் சோதனைதான். ஒரே கொட்டகையில் இரண்டு டிரம். காலையில் போய்ப் பார்த்தால் தேங்காய் எண்ணெய் பாறை. சூரியகாந்தி எண்ணெய் நேற்று ஊற்றினது மாதிரி அசைகிறது. "ஒரே கொட்டாய், ஒரே குளிரு, இதுக்கு மட்டும் என்ன கொழுப்பு?" என்று மேஸ்திரி டிரம்மை உதைக்கிறார். இரண்டுமே கொழுப்புதானே என்று நான் சொல்லவில்லை. காலையில் அவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

நீ நார்மல் என்று யார் எழுதிக் கொடுத்தாலும் நான் நம்ப மாட்டேன். போன வருஷம் மப்ளர் அனுப்பினேன். 'அருமையாக இருக்கிறது, கழற்றவே இல்லை' என்று நீ எழுதிய நன்றி எனக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு மப்ளர் இன்னும் தபால் நிலையத்திலேயே இருந்தது. நான் எது அனுப்பினாலும் உன் நன்றி அதற்கு முன்னால் ஓடி வந்துவிடும். நார்மல் ஆட்கள் பிரித்துப் பார்த்துவிட்டு நன்றி சொல்வார்கள்.

அதனால்தான் போன் வேண்டாம், கடிதம் எழுது என்று உன்னைக் கட்டிப் போட்டிருக்கிறேன். போனில் ஒரு ஜோக்கைச் சொல்லி வைத்துவிடுவாய். அப்பா படுத்திருந்த மூன்று மாதமும் என்னைப் போனில் சிரிக்க வைத்தே சமாளித்தாய். நான் வந்து இறங்கியது அவர் போய் நாலு நாள் கழித்து. அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நீ கொடுத்த வாக்கு: உடம்பு விஷயம் எதுவானாலும் எழுத்தில், உள்ளபடி. நான் மறக்கவில்லை.

மத்தியானத்தில் வெயிலில் அலையாதே.

அக்கா

---

நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. உன் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

மப்ளர் விஷயத்தைத் தோண்டி எடுத்துவிட்டாய். நன்றி சொல்வதில் முந்திக்கொள்வது என் பலவீனம். பார்சல் தொலைந்தே போனாலும் உன் மனசு சங்கடப்படக் கூடாதே.

உன் மேஸ்திரிக்குப் பதில் என்னிடம் இருக்கிறது. டாக்டரம்மா மாணவர்களுக்குச் சொன்னதை ஒட்டுக் கேட்டேன். கொழுப்பு மூலக்கூறுக்கு வால் உண்டு. தேங்காய் எண்ணெயில் முக்கால்வாசி நேர் வால். நேர் வால்கள் நெருக்கியடித்து நிற்கும், கொஞ்சம் குளிர்ந்தால் போதும், உறைந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயின் வால்கள் முழங்கையை மடக்கினாற்போல வளைந்தவை. கூட்டத்தில் முழங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் பக்கத்தில் எவன் நெருங்குவான்? அதனால் இடைவெளி. இடைவெளியால் அசைவு. சிவப்பணுவின் தோலும், சவ்வு என்பார்கள், அதுவும் இப்படித்தான். தையல் கிடையாது, ஒட்டுக் கிடையாது. கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக, தலை வெளியே, வால் உள்ளே என்று நிற்கின்றன. நிற்கின்றன என்பதுகூடத் தப்பு. பக்கத்து ஆளோடு விநாடிக்குச் சுமார் ஒரு கோடி தடவை இடம் மாற்றிக்கொள்கின்றனவாம். நம் வீட்டுப் பேச்சுகூட அவ்வளவு வேகமாக மாறியதில்லை.

நடுநடுவே கொலஸ்ட்ரால். அதைப் பற்றி ஊரே கெட்டதாகப் பேசுகிறது, ஆனால் அது நம் பெரியத்தை மாதிரி. கூடத்தில் சண்டை சூடானால் பெரியத்தை நடுவில் உட்கார்ந்து அடக்குவாள். எல்லோரும் உம்மென்று உறைந்து உட்கார்ந்தால் ஒரு வம்பைக் கிளப்பி அசைய வைப்பாள். சவ்வுக்கும் அதே சேவைதான். சூட்டில் ரொம்ப ஓடவிடாது, குளிரில் ரொம்ப இறுகவிடாது. "ஒண்ணு இருந்தா குடும்பம் நடக்கும் மேடம், நாலு பெரியத்தை ஒரே கூடத்துல உக்காந்தா யாரும் காலை நீட்ட முடியாது" என்றேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு அதைக் கரும்பலகையில் எழுதினார்.

இந்த வாரம் என் நேரம் இருபத்து மூன்று விநாடி. வயசாகிறது. மத்தியானம் மேசையிலேயே தூங்கிவிடுகிறேன், ரேடியோவின் பேச்சு அப்படி. வீட்டுக்காரி என் கால்சட்டை இடுப்பை இரண்டாவது தடவையாகப் பிரித்துத் தைத்திருக்கிறாள். "தொப்பை மட்டும் முன்னாடி போகுது, கையும் காலும் பின்னாடியே நிக்குது" என்கிறாள். அழகான குடும்பம்.

உன் தம்பி

---

டிசம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். நீ? 'வீட்டில் எல்லாம் வழக்கம்போல' என்று எழுதியிருக்கிறாய். வீட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. இருபதுக்கு இருபத்து மூன்று ஆனது ஏன்? தொப்பை வளர்கிறது, கை கால் இளைக்கிறது என்பதை ஜோக்காக எழுதினால் நான் ஜோக்காகப் படித்துவிடுவேன் என்று நினைத்தாயா? டாக்டரம்மாவிடம் காட்டு.

வளைந்த வால் கதையை மேஸ்திரிக்குச் சொன்னேன். டிரம்மைத் தடவிக் கொடுத்தார். "இது தெரியாம எட்டு வருஷமா ஒதைச்சிட்டேனேம்மா" என்றார். பதிலுக்கு உனக்கு என் தொழில் பாடம். சோப்பு மூலக்கூறும் உன் சவ்வுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். அதற்கும் தலை தண்ணீரைத் தேடும், வால் எண்ணெயைத் தேடும். எங்கே கொழுப்பைக் கண்டாலும் வாலை நுழைத்துவிடும். அழுக்கு போவது அதனால்தான்.

இந்த வருஷம் முதல் தடவையாகக் கலவை விகிதம் என்னுடையது. பச்சை நிறம், வெட்டின புல் மணம். பன்னிரண்டு கட்டி, பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கட்டி, நேற்று பார்சலில் போட்டேன். மூன்று வாரம் ஆகுமாம். வந்த பிறகு, பிரித்த பிறகு, மோந்து பார்த்த பிறகு எழுது.

அக்கா

---

ஜனவரி 6

அக்காவுக்கு,

நலம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

நேற்று சல்லடையில் நாற்பத்தொரு விநாடி ஆனது. சல்லடை அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். புதுச் சல்லடை மாற்றினேன். நாற்பத்து மூன்று. டாக்டரம்மா ஒரு துளியைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இது எந்தப் பேஷன்டோட ஸ்லைடு?"

"நார்மல் மேடம்."

"நார்மலா? இதுவா?"

நானும் பார்த்தேன் அக்கா. இருபத்து நான்கு வருஷத்தில் எத்தனையோ பேருடையதைப் பார்த்திருக்கிறேன். வட்ட வட்டமாக, நடுவில் குழிந்து, தட்டு அடுக்கினது மாதிரி இருக்க வேண்டியவை. நாலில் ஒன்று நெருஞ்சி முள் மாதிரி இருக்கிறது. ஒழுங்கில்லாமல், ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் குட்டையாக முள். கண்ணை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். என் சீட்டுதான். 'நார்மல்'.

ரேடியோ எட்டிப் பார்த்தான். அவன் வாய் மூடியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் உறைத்தது.

கண்ணாடியேகூடச் சில சமயம் முள் முளைக்க வைக்கும். அதனால் பிளாஸ்டிக் குழாயில் மறுபடி எடுத்தார்கள். நான் மயங்கவில்லை. மயங்க மறந்துவிட்டேன். அதிலும் முள்தான். டாக்டரம்மா என் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார். கல்லீரல் தன் வேலையைச் செய்யாவிட்டால் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தங்கி, சவ்வின் வெளி அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். நாலு பெரியத்தை. நான் சொன்ன ஜோக் இன்னும் கரும்பலகையில் அழியாமல் இருக்கிறது.

இன்னொரு கொடுமை. இரண்டு மாதமாக என்னோடு ஒப்பிட்டு 'பரவாயில்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட முப்பத்தொரு பேரையும் டாக்டரம்மா திரும்பக் கூப்பிடுகிறார்.

நாளைக்கு ஸ்கேன். வீட்டுக்காரிக்கு இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில்.

சோப்புக்கு நன்றி. நல்ல மணம்.

தம்பி

---

ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கொட்டகை வாசலில் கைக்கு வந்தது. நின்றபடி படித்தேன். 'நார்மல் மேடம்' என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி கையில் இருந்த கரண்டியோடு ஓடி வந்தார்.

நீ சொன்னாய். அது போதும். முதல் தடவையாக நேரத்தில் சொன்னாய்.

ஸ்கேனில் என்ன வந்தது? என்ன மருந்து? எத்தனை நாள்? தம்பி பெண்டாட்டியிடம் சொல், இன்றைக்கே சொல். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். குளிர்கால உற்பத்தி நேரம், இப்போது போனால் வேலை இருக்குமா என்று தெரியாது என்றார்கள். போகட்டும் என்றேன். நீ ஒரு வரி எழுது, ஏறிவிடுகிறேன்.

ஜோக் வேண்டாம். ரிப்போர்ட்டில் இருக்கிற எண்களை மட்டும் எழுது.

அக்கா

---

ஜனவரி 31

தம்பிக்கு,

பதினாறு நாள் ஆகிவிட்டது. ஒரு வரி வரவில்லை. நான் வைத்த விதியை நானே மீறி நாலு தடவை போன் பண்ணினேன். முதல் மூன்று தடவையும் உன் வீட்டுக்காரி, "குளிக்கிறார் அண்ணி" என்றாள். உலகத்தில் யாரும் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் கேள்விப்பட்டதில்லை. நாலாவது தடவை என் குரலைக் கேட்டதுமே வைத்துவிட்டாள்.

அப்பா விஷயத்தில் நான் வந்தபோது அந்த அறையைக் கழுவி விட்டிருந்தீர்கள். கட்டிலைக்கூட வெளியே எடுத்துவிட்டிருந்தீர்கள். எனக்கு அவர் படுத்திருந்த இடம் எதுவென்று தெரியவில்லை. உன்னைக் கேட்டேன், நீ சுவரில் ஒரு இடத்தைக் காட்டினாய். அது போதாது தம்பி. இன்னொரு தடவை ஒரு சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர என்னால் முடியாது.

எழுது.

அக்கா

---

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்! இந்தத் தடவை என் மானமும் நலம், கொஞ்சம் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான். எழுதுவது என் வீட்டுக்காரி, சொல்வது நான். மாடிப்படியில் வழுக்கி மணிக்கட்டில் சுளுக்கு. (அண்ணி, அவர் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.)

பதில் எழுதாததற்கு என்னைச் செருப்பால் அடி. வெட்கத்தில் எழுதவில்லை. விஷயம் வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஸ்கேனே தேவலாம்.

குற்றவாளி யார் தெரியுமா? நீ! உன் பச்சைச் சோப்பு!

டிசம்பர் கடைசியில் எங்கள் கூடத்தில் குழாய் கழுவுகிற மருந்து தீர்ந்துவிட்டது. புதுசு வர நாளாகும் என்றார்கள். உன் பார்சலில் இருந்து ஒரு கட்டியைக் கொண்டு போய், வெட்டின புல் மணம் கமகமக்க, எல்லாக் குழாயையும் நுரை பொங்கக் கழுவி அடுக்கினேன். எங்கள் இடத்தில் பிளாஸ்டிக் குழாயையும் கழுவித்தான் வைப்போம். சரியாக அலசவில்லை. மிச்சம் நீயே சொல்லிக் கொடுத்த பாடம்தான். சோப்புக்குத் தலை இருக்கிறது, வால் இருக்கிறது, கொழுப்பைக் கண்டால் நுழையும். சிவப்பணுவின் வெளி அடுக்கில் போய் வாலைச் செருகிவிட்டது. வெளி அடுக்குக்கு ஆள் சேர்ந்துவிட்டது, உள் அடுக்கு அப்படியே இருக்கிறது. வெளித்துணி பெரிசாகவும் உள்துணி சிறிசாகவும் தைத்தால் என்ன ஆகும்? என் வீட்டுக்காரியைக் கேள். புடைத்துக்கொண்டு சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதுதான் முள்!

புதுக் குழாயில் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் வட்டம். இருபத்தொரு விநாடி. ரேடியோ இப்போது என்னை 'சலவைக்காரர்' என்று கூப்பிடுகிறான். முப்பத்தொரு பேரும் திரும்ப வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

லீவை ரத்து செய். வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து என்னைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று உனக்கே தெரியாது. மீதிப் பதினொரு கட்டியையும் குளிக்க மட்டும் வைத்திருக்கிறேன்.

உன் (மறுபடியும்) நார்மல் தம்பி

---

பிப்ரவரி 21

பாவி தம்பிக்கு,

நான் சுகம். அதாவது உன் கடிதத்துக்குப் பிறகு சுகம்.

கொட்டகையில் வைத்து உரக்கப் படித்தேன். சோப்பு என்று வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்படியே அழுகை வந்தது, இரண்டும் சேர்ந்து விக்கல் வந்தது. மேஸ்திரி தண்ணீர் கொண்டு வந்து, "உங்க சோப்பு அழுக்கை மட்டுமில்ல, ஆளையே தேச்சுடும் போலிருக்கேம்மா" என்றார். சுவரில் ஒரு அட்டை எழுதி மாட்டிவிட்டார்கள்: 'சிவப்பணுக்களுக்கு அல்ல.'

லீவை ரத்து செய்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அந்தத் தாளை வாங்கிக் கிழித்தேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? ஐந்து வாரமாக நான் தூங்கவில்லை என்பதே தூங்கி எழுந்த பிறகுதான் தெரிந்தது.

வெட்கப்பட்டு எழுதாமல் இருந்ததற்கு உன்னை மன்னிக்க ஒரு வருஷம் ஆகும். கையில் சுளுக்கு என்றால் வெந்நீர் ஒத்தடம் கொடு. வருஷக் கடைசியில் நானே வந்து அந்தக் குழாய்களை அலசித் தருகிறேன்.

அக்கா

---

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ தூங்கினாய் என்று படித்ததும் எனக்கும் நிம்மதி. அட்டை விஷயத்தைக் கேட்டு வெகு நேரம் சிரித்தேன். சிரித்தால் விலா வலிக்கிறது, அவ்வளவு சிரித்தேன்.

சுளுக்கு இன்னும் விடவில்லை. அதனால் இதுவும் வீட்டுக்காரி கையெழுத்து. (அப்படியே எழுதுகிறேன் அண்ணி.)

இன்றைக்கு ஒரு கணக்கு. ஒரு சிவப்பணு உடம்பில் ஓடுவது நாலு மாதம். உட்கரு கிடையாது, கிழிந்தால் தைத்துக்கொள்ளத் தெரியாது. வளைகிற வரைக்கும் வளைந்து, ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்து வந்து, ஒருநாள் வளைய முடியாமல் போனால் மண்ணீரல் பிடித்துக்கொள்ளும். நவம்பர் மூன்றாம் தேதி உனக்கு எழுதினேனே, மயங்கி விழுந்த அந்த ஆள், அவன் உடம்பில் அன்றைக்கு ஓடிய அணுக்களில் இன்றைக்கு அநேகமாக ஒன்றும் மிச்சம் இல்லை. ஆனாலும் அவன்தான் இவன் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சவ்வில் ஒவ்வொருத்தரும் இடம் மாறிக்கொண்டே இருக்க, சவ்வு மட்டும் அப்படியே இருக்கிற மாதிரிதான்.

வருஷக் கடைசியில் வருவதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறோம், வாசனை உனக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

உன் சோப்பில்தான் தினமும் குளிக்கிறேன். வீடு முழுக்க வெட்டின புல் மணம்.

முழங்காலைப் பார்த்துக்கொள். உன்னையும்.

தம்பி

---

மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம். இதற்குப் பதில் எழுத வேண்டாம். உன் நன்றி என் பார்சலுக்கு முன்னால் ஓடி வருமே, அது மாதிரி இந்தத் தடவை என் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். பிறகு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்காதே. உன்னிடம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்டவள், என் பங்குக்கு நானும் எழுதித்தான் ஆக வேண்டும்.

வேலையை விட்டுவிட்டேன். மேஸ்திரி என் மேசையில் பிரித்துக் கிடந்ததைப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரில் இருந்த அட்டையைக் கழற்றினார்.

பெயின்ட் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். வாசனையிலேயே படுத்துக்கொள்வேன். உன் வீட்டுக்காரியைத் திட்டாதே. நீ சொன்னதைச் சொன்னபடி எழுதினாள், ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதும்போது எப்படி இருந்தாள் என்று நான் வந்து அவளையே கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறது. நேரில் காட்டுவதற்காக அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறேன். அதை வாங்கிக்கொள்ள நீ இருக்க வேண்டும். அதுவரைக்கும் வளைந்து கொடு, நெளிந்து கொடு, என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது, இரு.

அக்கா

பி.கு. இன்று காலை தபால்காரர் கொட்டகைக்கு ஒரு பார்சலைத் திருப்பிக் கொண்டு வந்தார். டிசம்பர் எட்டாம் தேதி முத்திரை. படிவத்தில் கைப்பழக்கத்தில் அப்பா இருந்த பழைய வீட்டு எண்ணை எழுதியிருக்கிறேன். 'இந்த முகவரியில் இப்படி யாரும் இல்லை' என்று சிவப்பு மையில் குத்தியிருக்கிறார்கள். சணல் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. அவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு கட்டியும் இருக்கிறது.